சவ்னா விளக்கும் ஐந்து பச்சைப் புள்ளிகளும்

மனித குலம் இதுவரை பேய் என்று அஞ்சிய அனைத்தும் சரியாக முறுக்கப்படாத மின்கம்பிகளே. இந்த உண்மையை நான் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டில், சமையலறையில் நின்று இறைச்சி அடைத்த பாஸ்டி தின்றுகொண்டிருந்தபோது கண்டறிந்தேன். இன்றுவரை யாரும் மறுக்கவில்லை. கேட்டவள் ஐலி ஒருத்திதான். அவளும் பாதியில் எழுந்து போய்விட்டாள்.

ஐலியும் நானும் இந்த ஜனவரியில்தான் ஹேன்காக் மேட்டிலுள்ள பழைய வீட்டுக்கு வாடகைக்கு வந்தோம். எனக்கு மாடி. அவளுக்கு அடித்தளம், சவ்னா என்னும் நீராவிக் குளியலறைக்குப் பக்கத்து அறை. (‘சானா’ என்று சொல்பவனுக்கு, ஃபின்லாந்து வம்சாவளியினர் நிறைந்த இந்த ஊரில் துண்டுகூடக் கொடுக்க மாட்டார்கள்.) செவ்வாய்க்கிழமை முதன்முறையாக விறகு மூட்டி, ஆசை தீர வேர்த்தோம். வெளியே வரும்போது ஐலி சூடான கற்களின் மேல் கடைசியாக ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றினாள். அது டோன்ட்டுவுக்காம், சவ்னாவில் குடியிருக்கும் குள்ளன். விளக்கையும் எரியவிட்டே கதவைச் சாத்தினாள்.

“ஏன், உன் குள்ளனுக்கு இருட்டுன்னா பயமா?” என்றபடி நான் கதவோரத்து சுவிட்சைத் தட்டி அணைத்தேன்.

“டேய் கோரி, அது அவரு எடம்டா. நாமதான் வந்துட்டுப் போறவங்க.”

“அப்ப நாளைக்கு வாசல்ல பனி அள்ள அவர வரச் சொல்லு.”

ஐலி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் அறைக்குப் போனாள்.

வீட்டில் ஐந்து புகை அலாரங்கள். ஒன்றோடொன்று கம்பியால் பிணைந்தவை. ஒன்று அலறினால் ஐந்தும் அலறும். மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைப் புள்ளி எரியும். புதன் காலை ஐந்திலும் பச்சை இல்லை. உள்ளிருந்த பழைய பேட்டரிகள் தீரும் தறுவாயில் கீச்சிட்டன. முதலில் மாடியில், பிறகு படிக்கட்டில், பிறகு கூடத்தில், பிறகு சமையலறை வாசலில், கடைசியாக அடித்தளத்தில். யாரோ நிதானமாகப் படியிறங்கிப் போவதுபோல. ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் மாடியிலிருந்து.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நகராட்சி ஆய்வாளர் வருவதாக இருந்தது. ஒரு அலாரம் தவறினாலும் அன்றே வீட்டைப் பூட்டிவிடுவார்கள். எனக்குப் போக அப்பா வீடு இருக்கிறது. ஐலியின் அம்மா கோடையிலேயே வீட்டை விற்றுவிட்டு அலாஸ்கா போய்விட்டார். வெளியே பனி ஜன்னல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் ரூவோனா குளிர்காலம் முழுக்க ஃப்ளோரிடாவில். போன் போட்டேன்.

“பேட்டரி மாத்துனியா தம்பி?”

“மாத்திட்டேன் சார். கீச்சு நின்னுடுச்சு. பச்ச மட்டும் வரல.”

“பிரேக்கர் விழுந்திருக்கா?”

“அதெல்லாம் நேரா நிக்குது.”

“அப்ப அலாரத்தத் திருகிக் கழட்டி, பின்னாடி பிளக்குல கரண்டு வருதான்னு பாரு. வயரிங் என் கையால போட்டது. தப்பு இருக்கவே இருக்காது.”

வியாழன் மதியம் மாடியில் ஏணி போட்டு ஏறினேன். வீட்டில் யாருமில்லை. புதுப் பனியில் ஐலியின் காலடித்தடம் வாசலிலிருந்து வெளியே மட்டும் போயிருந்தது. பிளக்கில் மீட்டரை வைத்தேன். பூஜ்யம். வைத்தது வைத்தபடி இருக்க, இரண்டு தளங்களுக்குக் கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம்.

மீட்டர் முழுசாக நூற்றிருபது வோல்ட் காட்டியது.

தளர்ந்த இணைப்பு, என்று நோட்டில் எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணியிருந்தது. ஏணி ஆடியிருக்க வேண்டும்.

அலாரத்தைத் திரும்ப மாட்டியதும் பச்சை எரிந்தது. ஏணியை வைக்க அடித்தளத்துக்குப் போனேன். சவ்னாவில் விளக்கு எரிந்தது. செவ்வாய்க்குப் பிறகு அடுப்பு மூட்டவே இல்லை. கற்கள் ஈரமாக இருந்தன. வாளியின் குறுக்கே கரண்டி ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. ஐலி மறந்திருப்பாள் என்று முடிவுசெய்து விளக்கை அணைத்தேன். மாடிக்கு வந்தால் பச்சை போயிருந்தது.

வெள்ளி காலை ஐலி புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டியைப் பார்க்க முடியாமல் அடித்தள அலாரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தடவிப் போனேன். அது உத்தரத்தோரமாக ஓடி, சவ்னா கதவருகே இருந்த சுவிட்சுக்குள் இறங்கியது.

சுவிட்சைப் போட்டேன். பச்சை. அணைத்தேன். இருட்டு. மனித குலத்தின் மேதை இன்னொருமுறை போட்டு அணைத்துப் பார்த்துவிட்டு ரூவோனாவுக்குப் போன் போட்டான்.

“சார், அஞ்சு அலாரத்தயும் சவ்னா லைட்டு சுவிட்சுக்கு அந்தப் பக்கம் மாட்டியிருக்கீங்க. லைட்ட அணைச்சா எல்லாம் செத்துருது.”



“அந்த லைட்டயா? நாப்பது வருஷமா அத யாரும் அணைச்சதில்லயேப்பா. அது அணைக்கிற லைட்டுன்னே நான் நெனக்கல. நீயா அணைச்ச?”

போனை வைத்தேன்.

“நேத்து மதியம் லைட்டப் போட்டது நீதான?” என்று ஐலியைக் கேட்டேன்.

“நான் லேப்ல இருந்தேன். செவ்வாய்க்கெழமைக்கு அப்புறம் அந்தக் கதவயே தொடலடா.” கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். “அது அவரு எடம்னு சொன்னேன்ல?”

பிரேக்கரை இறக்கிவிட்டு, அலாரங்களின் கம்பியை சுவிட்சுக்கு முன்பக்கம், எப்போதும் மின்சாரம் இருக்கும் இடத்தில் மாற்றி முறுக்கினேன். நன்றாகவே முறுக்கினேன். இனி விளக்கு எரிந்தால் என்ன, அணைந்தால் என்ன, அலாரங்களுக்கு ஒன்றுமில்லை. மூன்று மணிக்கு ஆய்வாளர் பித்தானை அழுத்தினார். ஐந்தும் அலறின. கையெழுத்துப் போட்டார். ஐலி பெட்டியிலிருந்து புத்தகங்களை எடுத்து மறுபடி அலமாரியில் வைக்கும் சத்தம் சாயங்காலம்வரை கேட்டது.

சனிக்கிழமை சவ்னாவிலிருந்து ஐலி முதலில் போய்விட்டாள். நான்தான் கடைசி. கதவருகே நின்று, பழக்கதோஷத்தில் சுவிட்சின் மேல் விரல் வைத்தேன். அணைக்கலாம். கூரையில் பச்சைப் புள்ளி எரியும். என் வேலை அது. பின்னால், அன்று யாரும் கடைசிக் கரண்டித் தண்ணீர் ஊற்றாத கற்கள் காத்திருப்பதுபோல் அமைதியாக இருந்தன. மேல்பலகை, யாரோ இடம் மாறி உட்கார்ந்ததுபோல, ஒருமுறை முனகியது.

விரலை எடுத்தேன். படியில் ஐலி இல்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டேன். திரும்பிப் போய் ஒரு கரண்டித் தண்ணீரைச் சத்தம் வராமல் கற்களின் மேல் ஊற்றிவிட்டு, விளக்கை எரியவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினேன்.