அரை இன்ச் குழாய்

முன் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் என்ன செய்கிறார்கள் என்பதெல்லாம் பின்னறைத் தையல்காரிக்குத் தண்ணீர்க் குழாய் வழியாகத்தான் தெரியும். சொன்னால் சிரிப்பார்கள். அதனால் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

முன்னால் இருப்பது தம்பியின் வீடு. துணி துவைக்கும் இடத்தைத் தாண்டி, மதிலோரமாக இவளுடைய அறை. தம்பிக்குக் கல்யாணமானபோது, அக்காவுக்கு மெஷின் போட வசதியாக இருக்கட்டும் என்று அவனே கட்டிக்கொடுத்தது. அவன் அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தண்ணீர் விஷயத்தில்தான் கொத்தனார் தன் புத்தியைக் காட்டிவிட்டார். கையில் மிச்சமிருந்த அரை இன்ச் குழாயை முன் வீட்டுச் சமையலறை லைனில் சொருகி, வீட்டை முக்கால்வாசி சுற்றவிட்டு, மூலைக்கு மூலை திருப்பி இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

முன் வீட்டில் யாரும் தண்ணீரைத் தொடாவிட்டால் இவளுக்குச் சுமாராக வரும். அங்கே ஒரு குழாயைத் திறந்தால் இங்கே சுண்டுவிரல் கனம். இரண்டைத் திறந்தால் நூல். தம்பி மகள் குளிக்கப் போனாளோ, அவ்வளவுதான், சொட்டு.

போகப்போக அவளுக்கு அது பழகிவிட்டது. காலையில் விட்டுவிட்டு மெலிந்தால் தம்பி முகம் மழிக்கிறான். சாயங்காலம் வெகுநேரம் மெலிந்தே இருந்தால் தம்பி மனைவி பாத்திரம் தேய்க்கிறாள். "வந்துட்டியா? இன்னைக்கு ஆபீஸ்ல லேட்டா?" என்று இவள் குழாயைப் பார்த்துக் கேட்பாள். குழாய் பதில் சொல்லாதுதான். மனிதர்கள் மட்டும் வந்து என்ன பேசிக் கிழித்தார்கள்? தம்பிக்கும் அவன் மனைவிக்கும் தலைக்கு மேல் வேலை. பெண்ணுக்குக் காதில் எந்நேரமும் பாட்டு. சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் கத்துவதற்காவது யாரேனும் வந்திருப்பார்கள்.

ஒரு வாரம் முழுக்க ஒரு குரலும் கேட்காமல் போனபோது அவளுக்குத் தாங்கவில்லை. தனியாக இருக்கிறேன், வந்து பேசு என்று சொல்ல வெட்கம். பெரியவள் ஆயிற்றே. அதனால் போனை எடுத்து வேறொரு காரணத்தைச் சொன்னாள்.

"தண்ணி ரொம்பக் கம்மியா வருதுடா. ஒரு எட்டு வந்து பாரேன்."

வருவான், குழாயைத் திறந்து பார்த்து உச்சுக் கொட்டுவான், உட்காருவான், டீ போட்டுத் தரலாம். இதுதான் அவள் போட்ட கணக்கு.

"முன்னாடியே சொல்றதுக்கென்னக்கா?" என்றான் தம்பி. "நாளைக்கே பிளம்பரை அனுப்பறேன், பாரு."

பிளம்பர் வேண்டுமென்று யார் கேட்டது? சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்து, வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் வந்த பிளம்பர் வாயாடி. குழாயைத் திறந்தார், மூடினார், வெளியே போய்ச் சுவரோரமாக லைனைத் தடவிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"யாரு அக்கா இந்த லைனைப் போட்டது? ஊசிக் கண்ணுல கயிறைக் கோக்கப் பார்த்திருக்காரே!"

"அவ்வளவு மோசமா?"

"குழாய் ஒல்லி. போற தூரமோ ரொம்ப அதிகம். தண்ணி உள்சுவத்துல உரசிக்கிட்டேதான வரணும்? நீளம் கூடக்கூட அதோட வேகம் போயிடும். இதுல திருப்பத்துக்குத் திருப்பம் எல்போ வேற. ஒவ்வொண்ணுலயும் முட்டிக்கிட்டு வருது, பாவம்."

"அவங்க திறந்தா எனக்கு நின்னுடுது" என்றாள், சும்மா கேட்பதுபோல.

"பின்ன? ஒரே ஒல்லிக் குழாயில ரெண்டு பேர் இழுத்தா ரெண்டு பேருக்கும்தான் குறையும். தூரத்துல இருக்கறவங்களுக்கு அடி கொஞ்சம் பலமா விழும்." அவர் கையிலிருந்த துண்டுக் குழாயைக் காட்டினார். "இது ஒரு இன்ச். அகலம் ரெட்டிப்பானா தண்ணியும் ரெட்டிப்புதான்னு நினைச்சுடாதீங்க, அதுக்கு மேல பல மடங்கு வரும். டேங்க்லருந்து நேரா உங்களுக்குன்னு தனி லைன் இழுத்துடறேன். அப்புறம் அங்க யார் குளிச்சாலும், யார் துவைச்சாலும் உங்களுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியவே தெரியாதா?"

"துளிகூடத் தெரியாதுக்கா!"

அவர் நல்ல சேதி சொன்ன சந்தோஷத்தில் சிரித்தார். இவள் மதிலோரமாக வந்த பழைய குழாயைப் பார்த்தாள்.

"பழைய குழாயும் ஒரு பக்கமா இருந்துட்டுப் போகட்டுமே?"

"அது எதுக்குக்கா? ரெண்டு லைன் வச்சா வீண் குழப்பம்."

எதற்கு என்று அவளால் எப்படிச் சொல்ல முடியும்? வேண்டாம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் புகார் கொடுத்ததே அவள்தானே. அவர் மொட்டை மாடிக்கும் பின்கட்டுக்குமாக ஏறி இறங்குவதை மெஷின் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தைக்க எடுத்த திரைச்சீலை மடியிலேயே கிடந்தது. கடைசியில் பழைய லைனை அறுத்து, முனையில் ஒரு மூடியை ஒட்டிவிட்டு, "திறந்து பாருங்க" என்றார்.

திறந்தாள். தண்ணீர் பாய்ந்து வாளியின் அடியில் மோதி அவள் முகத்திலேயே தெறித்தது. பிளம்பர் கை தட்டாத குறை. இவளும் சிரித்துவைத்தாள்.

சாயங்காலம் வழக்கமான நேரத்துக்குக் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். மெலியவில்லை. முன் வீட்டில் விளக்கு எரிந்தது, தம்பி மனைவி வந்திருக்க வேண்டும், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கே அதே கனம். மூடினாள், கொஞ்சம் பொறுத்துத் திறந்தாள். அதே கனம். வீட்டில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனிமேல் இப்படித்தான். வாளி நிரம்பி வழிந்து காலை நனைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை என்பதால் நன்றாகவே அழுதாள்.

மறுநாள் காலையில் பல் தேய்த்து, முகம் கழுவி, டீக்குத் தண்ணீர் வைத்த நேரத்தில் கதவு படபடவென்று தட்டப்பட்டது. திறந்தால் தம்பி. ஒரு கன்னம் மழமழவென்று இருந்தது, இன்னொரு கன்னத்தில் நுரை.

"என்னடா இது, பாதி முகத்தோட?"

அவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். மூச்சு வாங்கியது.

"தண்ணி குறையலையேக்கா."

"எந்தத் தண்ணி?"

"என் குழாயிலதான். நான் ஷேவ் பண்ணும்போது தினமும் நடுவுல கொஞ்சம் குறையும். நீ எழுந்துட்ட, பல் தேய்க்கறேன்னு நினைச்சுப்பேன். சரி, அக்கா நல்லாத்தான் இருக்கான்னு நான் பாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிடுவேன். இன்னைக்குக் குறையவே இல்ல."

"புது லைன் போட்டாச்சேடா. நீதானே போடச் சொன்ன?"

"தெரியும். தெரிஞ்சும் மனசு கேக்கல." அவன் வாசற்படியைப் பார்த்தான். "நேத்து இவளும் பாத்திரம் தேய்க்கும்போது சொன்னா. தினமும் இந்நேரத்துக்கு உங்கக்கா குழாயைத் திறப்பாங்க, இங்க தண்ணி மெலியும், இன்னைக்கு மெலியவே இல்லையேன்னு."

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமும் அந்தப் பக்கத்திலும் யாரோ பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். இவள் நலமாக இருக்கிறாள் என்று அந்த ஒல்லிக் குழாய் தினமும் அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதனாலேயே ஒருவரும் வரவில்லை. இவளுக்குக் கோபமும் சந்தோஷமும் ஒன்றாக வந்ததில், எதை முதலில் காட்டுவதென்று தெரியவில்லை.

"இனிமே எப்படிக்கா தெரிஞ்சுக்கறது?" என்றான் தம்பி. விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டான்.

"வந்துதான் தெரிஞ்சுக்கணும்" என்றாள். ஸ்டூலின் மேலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். "நுரை காயறதுக்குள்ள முகத்தைக் கழுவிட்டு உட்காரு. தண்ணி நல்லா வருது."