காருக்குள் நாறியது எது

ஏசியைப் போட்ட மறுநொடி குப்பென்று வரும் அந்த நாற்றம். செத்த எலி என்று சொல்லலாம், ஊறிக் கெட்ட கோணி என்றும் சொல்லலாம். ஆரணியில் நாற்பது தறிகளுக்கு நூல் கொடுக்கும் பட்டு வியாபாரி சுப்பராயலுவின் கார் அது. வாங்கி ஒரு வருடம்கூட முடியவில்லை. மூக்குள்ள யாரும் காரைத்தான் சந்தேகப்படுவார்கள். அவர் மனைவி ஜெயம் டிரைவரைச் சந்தேகப்பட்டாள்.

டிரைவர் தென்னரசுக்குப் பெரணமல்லூர்ப் பக்கம். ஊரில் எந்தத் தெரு என்று அவன் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஜெயம் விசாரித்து வைத்திருந்தாள். நாற்றம் அதற்கு ஒரு மாதம் கழித்து வந்தது. கணக்கு அவளுக்குச் சுலபமாகப் போய்விட்டது. அவன் சீட்டில் ஒரு மஞ்சள் துண்டை விரித்து, தினமும் துவைத்துப் போடச் சொன்னாள். அவனும் துவைத்துப் போட்டான். காலையிலும் மத்தியானமும் குளித்தான். யாரும் பார்க்காத நேரத்தில் சட்டைக் கையை மோந்து பார்த்துக்கொண்டான். ஒரு மனிதனைத் தன் உடம்பையே சந்தேகப்பட வைப்பதைவிடக் கேவலம் வேறு என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமை மகள் சுபலட்சுமியின் நிச்சயத்துக்கு வேலூர் போக வேண்டும். அதற்குள் வேறு டிரைவர் பார்த்துவிடும்படி ஜெயம் கணவரிடம் சொன்னது தென்னரசு காதிலேயே விழுந்தது. சாவியை வீசிவிட்டு வரச் சொன்னாள் அவன் மனைவி கனிமொழி.

"இப்ப நின்னுட்டா நாறுனது நான்தான்னு ஆயிடும்" என்றான் அவன். "எதுன்னு காட்டிட்டுத்தான் நிப்பேன்."

அதுவரை செய்த வைத்தியமெல்லாம் வீண். எலுமிச்சம்பழம் வைத்தார்கள், கற்பூரம் வைத்தார்கள், சென்ட் பாட்டில் மாட்டினார்கள், ஜெயம் சாம்பிராணிகூடப் போட்டாள். மீன் கூடையில் மல்லிகைப்பூவைக் கொட்டியதுபோல இரண்டும் சேர்ந்து குமட்டியதுதான் மிச்சம். திங்கட்கிழமை தென்னரசு அத்தனையையும் எடுத்துக் குப்பையில் போட்டான். சீட்டைத் துடைத்தான். சாவியைச் சுப்பராயலு கையில் கொடுத்து, இரண்டு நாள் தான் காரைத் தொடப் போவதில்லை, புதன்கிழமை அம்மாவே கதவைத் திறந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தான்.

புதன்கிழமை காலை அவன் எதிர் டீக்கடையில் நின்றுகொண்டான். சுப்பராயலு வண்டியைக் கிளப்பி ஏசியைப் போட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெயம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி ஓடினாள். ஒரு நாற்றத்துக்காகத் தென்னரசு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான்.

ஜெயம் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் இல்லை. அவன் வாடை வண்டியில் ஒட்டிக்கொண்டது என்றாள். தென்னரசு போய்க் காருக்குள் தலையை விட்டு மோந்தான். கற்பூரமும் சென்ட்டும் இல்லாமல், நாற்றம் முதல் தடவையாகத் தனியாக வந்தது. அது அவனுக்குத் தெரிந்த நாற்றம். லைசென்ஸ் எடுப்பதற்கு முன் நாலு வருடம் சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன் அவன். கச்சாப்பட்டில் ஒரு பசை உண்டு. சோப்புத் தண்ணீரில் வேக வைத்து அதை எடுத்த பிறகுதான் நூல் சாயம் பிடிக்கும். வேக வைக்காத நூல் ஈரத்தில் கிடந்தால் இப்படித்தான் நாறும்.

எப்படி உள்ளே போனது என்பதும் அப்போதே விளங்கிவிட்டது. பட்டு என்பது மகாலட்சுமி, அவளைக் கட்டிப்போட்டு வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது சுப்பராயலு வீட்டு வழக்கம். பெங்களூரிலிருந்து கச்சாப்பட்டு எடுத்து வரும்போதெல்லாம் கண்ணமங்கலம் தாண்டியதும் வண்டியை நிறுத்தச் சொல்வார். முன்சீட்டில் வைத்த மூட்டையின் வாயைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டு, பின்சீட்டுக்குப் போய்விடுவார். அங்கிருந்து ஆரணிவரை, மூட்டையிலிருந்து பஞ்சு பறக்க, ஏசி ஓடும். காருக்குள் இருக்கும் காற்றைத்தான் அது இழுத்து இழுத்துக் குளிரவைக்கும், இழுக்கும் வாயும் முன்சீட்டுக்கு நேர் எதிரே.

மெக்கானிக் துரையின் ஷெட்டில் டேஷ்போர்டைக் கழற்ற அரை நாள் ஆனது. கூலிங் காயில் வெளியே வந்தபோது துரை முகத்தைத் திருப்பிக்கொண்டார். காயில் முழுக்க மஞ்சள் பஞ்சு கம்பளிபோல அப்பியிருந்தது. தண்ணீர் வடியும் குழாயும் அதனாலேயே அடைத்துக் கிடந்தது. தென்னரசு பட்டறையில் செய்ததுபோல் சோப்பும் சோடாவும் கரைக்கப் போனான். சோடா அலுமினியத்தைத் தின்றுவிடும் என்று துரை தடுத்தார். வெறும் சோப்பு போட்ட வெந்நீரில், பழைய பல் பிரஷால், ஒவ்வொரு தகடாகத் தேய்த்தான் தென்னரசு. குழாயின் அடைப்பையும் எடுத்து, காயிலைக் காயவைத்து மாட்டும்போது வியாழக்கிழமை சாயங்காலம் ஆகிவிட்டது.

வழித்தெடுத்த பஞ்சை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுபோய்ச் சுப்பராயலு முன்னால் வைத்தான். அவர் அதை விரலால் பிரித்தார். ஒரு தடவை மோந்தார். முப்பது வருடமாகப் பட்டைத் தொட்ட கை, விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

"நம்ம சரக்குதான், ஜெயம்" என்றார். ஜெயம் உள்ளே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை மூன்று பேரும் பட்டுடுத்தி ஏறினார்கள். கண்ணாடிகளை ஏற்றி ஏசியைப் போட்டான் தென்னரசு. கண்ணமங்கலம்வரை குளிர்ந்த காற்று மட்டும்தான் வந்தது. நல்லாத்தான் இருக்குது என்று ஜெயம் மகளிடம் சொன்னாள், அவனிடம் சொல்லவில்லை. அவன் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை.

"நானும் உள்ளேதாம்மா உக்காந்துகினு இருக்கிறேன்" என்றான்.

வேலூர் வந்துவிட்டது. மண்டபத்து வாசலில் கணவரும் மகளும் இறங்கிப் போன பிறகு ஜெயம் டிரைவர் பக்கம் சுற்றிவந்து நின்றாள். அவன் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டான். அவள் குனிந்து, சீட்டில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உள்ள வந்து எங்ககூட சாப்பிடு" என்று சொல்லிவிட்டு, அவன் வருவதற்காக நின்றாள்.