தினமும் உட்கார்ந்துகொண்ட கார்

ஸுஹைபின் கார் தினமும் காலையில் இடது பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருக்கும். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகளின் மேல் நிற்கும் ஜெர்மன் கார், மூன்று கை மாறி வந்தது. வாங்கிய புதிதில், அம்மான் நகரத்து மேடுபள்ளமெல்லாம் இதற்கு மெத்தை மாதிரி என்று தெருவையே ஒருவழி பண்ணியவன் அவன். இப்போது தெருக்காரர்கள் ஜன்னலைத் திறந்து, "என்ன வாத்தியாரே, வண்டி எந்திரிச்சிடுச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள்.

இன்ஜினைப் போட்டால் கம்ப்ரசர் இரைந்து இரைந்து காற்றடித்து எப்படியோ நிமிர்த்திவிடும். ஒருநாள் அந்த இரைச்சலும் நின்றது.

"கம்ப்ரசர் செத்துப்போச்சு மாப்ள. மாத்திடு," என்றார் மச்சான் நவ்ஃபல், பால்கனியிலிருந்து. அவர் தன் வாழ்நாளில் கழற்றி மாட்டிய ஒரே இயந்திரம் ஹூக்கா.

ஸுஹைப் பழைய சாமான் கடையில் ஒரு கம்ப்ரசரையும் அதற்கு மின்சாரம் விடும் ரிலேயையும் வாங்கி மாட்டினான். கார் கம்பீரமாக எழுந்தது. மறுநாள் காலை அதே கம்பீரத்தோடு உட்கார்ந்திருந்தது.

மனைவி அர்வா எட்டிப் பார்த்தாள். "ஓட்டை பலூனுக்கு ஊதுற ஆள மாத்தியிருக்கீங்க. ஓட்டைய யாரு பாக்கறது?"

அவள் சொன்னது சரி என்பதுதான் அவனுக்கு வலித்தது.

வெள்ளிக்கிழமை அவன் அக்கா மகனுக்குப் பெண் கேட்டுப் போகிறார்கள். ஊர்வலத்தில் இவன் கார்தான் முதலில்.

"அப்படியே ஓட்டிட்டுப் போங்க," என்றாள் அர்வா. "கார் மண்டி போட்டுப் பொண்ணு கேட்டா அவங்க மனசு இளகிடும்."

அன்றைக்கே ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் ஸ்டாண்டுகளை நிறுத்தினான்.

"நல்லா ஆட்டிப் பாருங்க. துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தினா எனக்கு எடுப்பா இருக்காது," என்றாள் அர்வா.

இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கலந்து காற்றுப்பை முழுக்கத் தெளித்தான். ஒன்றுமில்லை.

"பை கிழிஞ்சிருக்கு. அதையும் மாத்திடு," என்றார் நவ்ஃபல்.

"கிழிஞ்சிருந்தா நுரை வரணுமே மச்சான்!"

"ஜெர்மன் பை. சட்டுனு காட்டிக்காது."

ஸுஹைப் மறுபடி காருக்கடியில் குனிந்தான். பையின் மேல்முனையில் காற்றுக்குழாய் நுழையும் இடத்தில் தெளித்தான். அங்கே சின்னதாக ஒரு குமிழி கிளம்பியது. பிறகு ஒன்று. பிறகு கொத்தாக. தன் பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைக்கூட அவன் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

காற்றை இறக்கிக் குழாயைப் பிடுங்கினான். நுனியில் மயிரிழை விரிசல். அந்தத் துண்டை நேராக வெட்டியெறிந்து, புது இணைப்பு போட்டுத் திருகி, காற்றேற்றி மறுபடி தெளித்தான். சோப்புத் தண்ணீர் சாதுவாக வழிந்து போனது.

ஆவல் தாங்காமல் பழைய கம்ப்ரசரை பேட்டரியில் நேராக இணைத்துப் பார்த்தான். அது அருமையாக ஓடியது. கருகியிருந்தது ரிலே மட்டும்தான். இதை வீட்டில் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பெண் வீட்டு வாசலில் கார் நிமிர்ந்து நின்றது. உள்ளே பெரியவர்கள், வழக்கப்படி சம்மதம் கிடைக்கும்வரை காபியைத் தொடாமல் முன்னால் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸுஹைபின் கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. பெண்ணின் அப்பா சம்மதம் சொன்னதையும் எல்லோரும் காபியை எடுத்ததையும் அவன் கவனிக்கவே இல்லை.

அவர் வந்து தோளைத் தட்டினார். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. சந்தோசம்தானே?"

"ரொம்ப சந்தோசங்க," என்றான் ஸுஹைப், மனம் நெகிழ்ந்து. "ஒரு குமிழிகூட வரலை."