கனத்த துகள்

கன்னத்தில் கணவனின் அறை விழுந்த வேகத்தில் அவள் தலை இரும்புக் கலத்தின் விளிம்பில் மோதியது. உதடு கிழிந்துவிட்டது. காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்ட அந்தக் கலத்துக்குள், அரிசிமணி அளவில், கடைசிப் படிகம் நின்றிருந்தது.

"அண்ணா, இன்னொரு தடவை கையை நீட்டினா நான் சும்மா இருக்க மாட்டேன்," என்றாள் பம்புகளைப் பார்த்துக்கொள்ளும் நாத்தனார்.

"என்ன கிழிப்ப? இந்த ஆய்வகத்துல நான் வச்சதுதான் சட்டம்."

கணவனுக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஒரே வழக்கு. தனியாக விட்டால் எலக்ட்ரான் சிட்டாய்ப் பறக்கும். இந்தப் படிகத்துக்குள்ளோ மூச்சுமுட்டும் நெரிசல். அக்கம்பக்கத்து இடியெல்லாம் வாங்கி வாங்கி அது என்னதான் ஆகும்? ஆயிரம் மடங்கு கனத்தாலும் ஒற்றைத் துகளாகவே நகரும் என்பது அவன் கட்சி. அவ்வளவு அடி வாங்கினால் தான் என்று ஒன்றும் மிஞ்சாது, கூட்டத்தில் கரைந்துபோகும் என்பது அவள் கட்சி. இதுவரை உடைத்த படிகங்களில் அவள் சொன்னதுதான் தெரிந்தது; துகள் இருந்தால் திரையில் எழவேண்டிய மேடு எழவே இல்லை. "நீ உடைக்கிற லட்சணம் அப்படி!" என்றுதான் இந்த அறை.

உடைத்தால்தான் உள்ளே பார்க்க முடியும். காற்றுப் பட்டால் உடைந்த அந்தப் புதுப் பரப்பும் செத்துவிடும். வாயில் உப்புக் கரிக்க அவள் கலத்துக்குள் நீளும் தடியைப் பிடித்தாள். படிகத்தின் தலையில் ஒட்டியிருந்த குச்சியில் ஒரே போடு. மேல்பாதி பறந்தது. மிச்சம் கண்ணாடியாய் மின்னியது.

"அடேயப்பா! இதுக்குமா அண்ணி, அண்ணன் குறை சொல்லப் போறான்?"

குளிரவைத்து, ஒளியைப் பாய்ச்சி எலக்ட்ரான்களைத் தெறிக்கவைத்தார்கள். திரையில் செத்துக்கிடந்த கோட்டில் ஒரு மேடு கிளம்பியது. குளிரக் குளிர அது கூர்ந்து ஊசியாய் எழுந்து நின்றது.

இருக்கிறது. அத்தனை இடியையும் வாங்கிக்கொண்டு ஒன்று இருக்கத்தான் செய்கிறது, கனத்து, நகர்ந்துகொண்டு. அவளுக்குக் கண் கலங்கியது.

அவன் அவளுடைய வீங்கிய கன்னத்தைச் செல்லமாகத் தட்டினான். "பாத்தியாடி? முதல் நாளே ஒண்ணு போட்டிருந்தா அன்னிக்கே ஒழுங்கா உடைச்சிருப்ப. ம், பதிவு பண்ணு."

அவள் கை பதிவுப் பொத்தானைத் தாண்டி, கலத்துக்குள் காற்றை விடும் திருகுக்குப் போனது.

"அண்ணி! அதைத் திறந்தா எல்லாம் போச்சு. வேற படிகமே கிடையாது!"

"தெரியும்மா."

அவன் பாய்ந்து அவள் கூந்தலைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். நாத்தனாரின் ஸ்பானர் அவன் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பம்பு இரைச்சலையும் மீறிக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு தரையில் மடங்கினான்.

திருகு கால் சுற்று சுழன்றது. காற்று ஊளையிட்டுக்கொண்டு உள்ளே நுழைந்தது. திரையில் ஊசி நடுங்கியது, மழுங்கியது. ஆனாலும் முழுசாய்ப் படுத்துவிடவில்லை, இன்னும்.