பெப்ரோனியா வீட்டு பீரோ

நமக்கு ஒன்று ஆனால் நம் இடத்தில் நிற்க எடுத்துவைக்கும் நகலை வெளியூரில்தான் வைக்க வேண்டும் என்று எனக்கு முதலில் சொன்னவள், தூத்துக்குடியில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் லூர்தம்மாள். பெருமழை வெள்ளம் வடிந்த மறுவாரம் சொன்னாள். அந்த வெள்ளத்தில் எங்கள் தெரு மோட்சம் அக்காவும் அவளுடைய நகலும் ஒரே வீட்டில் இருந்து ஒன்றாகப் போய்விட்டார்கள். பிள்ளைகள் அம்மா இல்லாமல் நிற்கிறார்கள்.

"வீட்டுக்குள்ளயே வச்சா அது நகலா தாயி? கூடச் சாக ஒரு ஆளு," என்றாள்.

ஆகவே என் நகலை மதுரையில், நாத்தனார் பெப்ரோனியா வீட்டில் வைத்தோம். பீரோவில் சேலைகளை ஒதுக்கி இடம் கொடுத்தாள். முழு ஆளாக எடுப்பது ஒரு தடவைதான். அதன் பிறகு அன்றன்று எனக்குள் மாறினதை மட்டும் சின்னச் சம்புடத்தில் போட்டு பஸ்ஸில் கொடுத்தனுப்ப வேண்டும். அவள் அதைக் கஞ்சியில் கலந்து நகலுக்குக் கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் தவறாமல் சம்புடம் கட்டினேன்.

இதற்கிடையில் என் மகன் ரெக்ஸ்லின் ஒருநாள் சாப்பிடும்போது, "அம்மா, ஷோபி வைக்குத மீன்குழம்பு ஒன்னோடத விட நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டான். ஷோபி என் மருமகள்.

"அப்போ அவ கையாலயே தின்னு," என்றேன்.

அன்றிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை. எல்லாவற்றையும் ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டேன். குழம்பை மட்டும் ஒப்படைக்க முடியவில்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை நகலை இறக்கி, வீட்டில் அசல் ஆளின் இடத்தில் நடத்திப் பார்க்க வேண்டும். நடத்திப் பார்க்காத நகல் இருந்தும் இல்லாததுதான். அன்றைக்கு அசல் ஆள் ஓரமாக நாற்காலியில் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். நான் உட்கார்ந்தேன். பெப்ரோனியா அவளைக் கூட்டிவந்தாள்.

"மெலிஞ்சு போயிட்டியே மக்கா," என்றாள் என் நகல்.

"அம்மா," என்றான் ரெக்ஸ்லின்.

நான் காத்துக்கிடந்த சொல் என்னைத் தாண்டி அவளிடம் போயிற்று. சண்டை நடந்ததே அவளுக்குத் தெரியவில்லை. நான் பெப்ரோனியாவைப் பார்த்தேன்.

"என்ன மைனி முறைக்கிய? டெய்லி கஞ்சி வைக்க எனக்கு ஏது நேரம்? எங்க குழம்பையே ஊத்திருதேன். ஒங்க சம்புடம் ஒண்ணையும் தொடல, கூடையில அப்படியே கொண்டாந்துட்டேன்."

என் நகல் பரிமாற, ரெக்ஸ்லின் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். என் கைதான், என் முகம்தான். இருந்தும் எனக்கு வயிறு எரிந்தது. சத்தமில்லாமல் எழுந்து, சண்டை நடந்த நாளின் சம்புடத்தைத் தேடி எடுத்து அவளுடைய ரசத்தில் கலந்தேன். அவளும் என்னைப் போல முகத்தைத் தூக்கிக்கொண்டு இருக்கட்டும்.

குடித்தாள். சற்று யோசித்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஏலே, இதுக்கா பேசாம இருந்த? ஷோபி, நாளைக்கு நீயே வையி. எனக்கு ரெண்டு கரண்டி கூட ஊத்து."

பெப்ரோனியா குழம்பைத் தின்று வந்தவளுக்கு எந்தக் குழம்பும் வேதத்தில் வரும் கானாவூர்க் கல்யாண விருந்துதான். ரெக்ஸ்லின் அவள் கையிலிருந்து ஒரு உருண்டை வாங்கிச் சாப்பிட்டான். பெப்ரோனியா முகம் மட்டும் சுண்டிப்போயிற்று.

நகல் தேறிவிட்டது. தேறியவள் வீட்டில் இருப்பாள், ஒரே வீட்டில் இருவர் கூடாது என்பதால் மற்றவள் வெளியூர் போக வேண்டும். ரெக்ஸ்லின் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தான். "பாத்துப் போங்க," என்றான், பெப்ரோனியாவிடம்.

பீரோவுக்குள் ஒரு குறையும் இல்லை. அந்துருண்டை வாசம் பழகிவிட்டது. தினமும் தூத்துக்குடி பஸ்ஸில் சம்புடம் வருகிறது. அவள் தவறாமல் அனுப்புகிறாள், நானல்லவா. அன்றைக்கு அவன் என்ன பேசினான், சிரித்தானா, எல்லாம் அதற்குள் இருக்கும். பெப்ரோனியா அதை வாங்கி மேல்தட்டில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். எனக்குக் கை எட்டாது.

நீங்கள் சேலை எடுக்கத்தான் பீரோவைத் திறந்தீர்கள், தெரியும். இவ்வளவு நேரம் நின்று கேட்டீர்கள், ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பார். கொஞ்சம் எக்கி, அந்த ஓரத்துச் சம்புடத்தை மட்டும் எடுத்துத் தாருங்களேன்.