மிதி, பிடி

மேலகரத்தில் இசக்கிதுரையின் வீட்டுக்கு வழி கேட்டால், "டாட்சன் வாத்தியார் வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். கீழப்பாவூரில் ஒரு பள்ளியில் அவன் கணக்கு ஆசிரியர். மகள் கோயம்புத்தூரில் படிக்கப் போன வருஷம்தான் அந்தக் கார் வீட்டுக்கு வந்தது. அறுபதுகளில் ஜப்பானில் செய்த டாட்சன் ஃபேர்லேடி. இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது. புனலூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில் அதன் இருக்கையில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்து, செங்கோட்டை வழியாக லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தான்.

தரைத்தகடு அப்பளமாக நொறுங்கியது. பள்ளி விட்டு வந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு கீழே படுத்துவிடுவான். துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தான். இரண்டு கார்புரேட்டரையும் அக்கக்காகக் கழற்றி, சமையலறை மேடையில் பழைய செய்தித்தாளை விரித்து மண்ணெண்ணெயில் கழுவினான். அவன் மனைவி சங்கரேஸ்வரி முதலில் சண்டை போட்டாள். பிறகு அவளே விளக்குப் பிடித்தாள், நட்டுகளைக் கிண்ணங்களில் பிரித்துவைத்தாள், எந்த ஒயர் எங்கே போகிறது என்று வண்ணநூல் கட்டி அடையாளம் வைத்தாள். நாலு வருஷத்தில் கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. சிவப்புப் பெயிண்டில் அவர்கள் இரண்டு பேர் முகமும் தெரிந்தது.

பிரேக் மட்டும் பாக்கி. மிதியை மிதித்ததும் எண்ணெயை நாலு சக்கரத்துக்கும் தள்ளிவிடும் ஒரு இரும்புக் குழல் உண்டு. அதற்குள் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு ரப்பர் கிண்ணம். எண்ணெய் பின்னால் கசியாமல் பிடிப்பது அதுதான். பழையது விறைத்துப் போயிருந்தது. ஜப்பானிலிருந்து வரவழைத்தது சுங்கத்தில் மாட்டிக்கொண்டது. அதற்குள் சாரல் தொடங்கிவிட்டது. மதுரையிலிருந்தும் கோவையிலிருந்தும் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் கூடுவதாக வாட்ஸ்அப் குழுவில் பேச்சு. 'நம்ம ஊர் ஃபேர்லேடியும் வரும்' என்று இசக்கிதுரை முன்பே எழுதிவிட்டான். அதற்கு வந்து குவிந்த கைதட்டல்களை அவன் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தான்.

தென்காசியில் ஒரு கடையில், வேறு ஏதோ வேனுக்கான ரப்பர் கிடைத்தது. கொஞ்சம் பெரிது. உப்புத்தாளில் தேய்த்துச் சிறிதாக்கினான். தேய்க்கும்போதே அவனுக்குத் தெரியும், செய்யக்கூடாத வேலை அது.

"ஜப்பான் சாமான் வந்துட்டா?" என்று சங்கரேஸ்வரி கேட்டாள்.

"வந்துட்டு" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம் எண்ணெய்க் குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும்; காற்று தங்கினால் பிரேக் பிடிக்காது. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அவள் உள்ளே உட்கார்ந்து மிதிக்க, அவன் கீழே படுத்துச் சக்கரத்துத் திருகாணியைத் திறந்து மூடினான். மூடுமுன் கால் மேலே வந்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும்.

"மிதி... பிடி... விட்டுறாத... இப்ப விடு."

கடைசிச் சக்கரத்தின்போது வீரகேரளம்புதூரிலிருந்து அவள் தங்கை வடிவாம்பாள் போனில் கூப்பிட்டாள். சங்கரேஸ்வரியின் கால் சற்றே மேலே வந்துவிட்டது.

"ஏட்டி, காலை எடுத்துட்டியா?"

"லேசா... போன் வந்துச்சுல்லா."

"பரவால்ல. மறுபடி மிதி."

மறுபடி செய்தார்கள். திருகாணியில் மாட்டியிருந்த கண்ணாடிக் குழாயில் ஒரு குமிழிகூட இல்லாமல் எண்ணெய் வந்ததை அவன் கண்ணால் பார்த்தான்.

மறுநாள் அவள் பச்சைப் பட்டு உடுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஐந்தருவிப் பக்கம் எல்லாரும் காரைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். "எல்லாம் வீட்டிலேயேவா செஞ்சீங்க?" என்று ஒருவர் கேட்க, இசக்கிதுரை பிரேக்குக் குழலைத் தொட்டுக் காட்டி, "ஒரிஜினல் சாமான்தான் போட்டிருக்கு" என்றான். யாரும் அதைக் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்.

திரும்பி இறங்கும்போது சாரல் வலுத்தது. சரிவில், முன்னால் போன வேன் நின்றது. அவன் மிதித்தான். மிதி தரையைத் தொட்டது. எதிர்ப்பே இல்லை. மறுபடி மிதித்தான். கைப்பிரேக்கை இழுத்ததும் ஈரத்தில் பின்பக்கம் சுழன்று, வேனில் மோதாமல் தப்பிய கார் சாலையோரப் பழக்கடைக்குள் புகுந்தது. ரம்புட்டான் குவியல் சிதறி ஓடியது. தார்ப்பாயின் கீழிருந்து ஒரு பெண் "யம்மா!" என்று கத்தினாள்.

அவள் பெயர் குருவம்மாள். ஐம்பதை நெருங்கியவள், சீசனுக்குச் சீசன் அங்கே கடை போடுகிறவள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அறுவைசிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். அவள் மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வந்து பார்த்துவிட்டு, லீவு இல்லாமல் திரும்பிவிட்டாள். செலவை இசக்கிதுரை ஏற்றுக்கொண்டான். போலீஸ் வந்து கேட்டபோது, "திடீர்னு பிரேக் பிடிக்கல சார்" என்றான்.

காரை வீட்டுக்கு இழுத்துவந்த அன்றே குழலைக் கழற்றிப் பார்த்தான். அவன் தேய்த்த இடத்தில் ரப்பரின் விளிம்பு மடங்கிக் கிழிந்திருந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் காலடி கேட்டது. கையை மூடிக்கொண்டான்.

"காத்து இருந்திருக்குல்லா?" என்றாள் சங்கரேஸ்வரி. அழுது முகம் வீங்கியிருந்தது. "நான்தான் காலை எடுத்தேன். போனைப் பாத்துக்கிட்டு காலை எடுத்தேன். அந்தப் பொம்பள காலை நாந்தான் ஒடிச்சிருக்கேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. "விடு ஈஸ்வரி. வேணும்னேவா செஞ்ச? நடந்தது நடந்துபோச்சு" என்றான். மன்னிக்கிறவனின் குரல் அது. அது தன் தொண்டையிலிருந்து வந்ததை நம்ப முடியாமல் நின்றான். அவள் உள்ளே போனபின் அந்த ரப்பரைச் சாக்கடையில் எறிந்தான்.

அதன்பின் ஒவ்வொரு நாளும் அவனுக்கு ஒரு தண்டனையாக இருந்தது. காலையில் எழுந்து சங்கரேஸ்வரி கஞ்சி வைப்பாள், துவையல் அரைப்பாள், தூக்குவாளியோடு பஸ் ஏறுவாள். குருவம்மாளுக்கு முகம் துடைத்து, தலை சீவி, படுக்கைத்தட்டு எடுத்துப்போட்டுவிட்டு மத்தியானம் திரும்புவாள். குனிந்து நிமிர்ந்து அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. "நான் போறேன், நீ இரு" என்றான் ஒருநாள். "உங்களுக்கு என்ன தலையெழுத்து? நான் செஞ்சதுக்கு நான்தான பாக்கணும்?" என்றாள். வீட்டில் போன் அடித்தாலே திடுக்கிட்டாள். தங்கையிடம் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். பள்ளியில் அவன் கரும்பலகைப் பக்கம் திரும்பினால், மறுபடி பிள்ளைகள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

ஒரு சனிக்கிழமை இருவரும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குருவம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சியைக் கொடுத்துவிட்டு, சங்கரேஸ்வரி சட்டென்று அவள் கட்டிலோரம் குனிந்தாள்.

"யக்கா, ஒண்ணு சொல்லணும். இத்தனை நாளா நீ என் கையால கஞ்சி ஏனத்த வாங்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சடைக்குது. அந்தப் பிரேக்கு கெட்டதுக்கு நாந்தான் காரணம்..."

"இல்ல" என்றான் இசக்கிதுரை.

பக்கத்துக் கட்டில்காரியும் திரும்பிப் பார்த்தாள். அவன் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அவ ஒண்ணும் செய்யல. காத்து எதுவும் இல்ல. ஜப்பான் சாமான் வரவே இல்ல. வேற வண்டி ரப்பரைத் தேச்சுப் போட்டேன். நிக்காதுன்னு தெரிஞ்சுதான் போட்டேன். ஞாயித்துக்கிழமை நாலு பேர் முன்னால ஓட்டணும்னு போட்டேன்."

சங்கரேஸ்வரி கட்டிலோரத்திலிருந்து நிமிர்ந்தாள்.

"கழத்திப் பாத்தியளா?" என்றாள் சங்கரேஸ்வரி, மெதுவாக.

"அன்னைக்கே."

"அன்னைக்கே பாத்திருக்கிய. பாத்துட்டு, என்னைய மன்னிச்ச மாதிரி பேசினியளே." அவள் குரல் உயரவில்லை. "பொய் சொன்னதக்கூடத் தாங்கிருவேன். அத எப்படிங்க செஞ்சிய?"

குருவம்மாள் கஞ்சி ஏனத்தைக் கீழே வைத்தாள்.

"படிச்ச மனுசன், உம்ம கையில பிள்ளைகள விடுதாக" என்றாள். "இங்கன நின்னு தலையக் குனிஞ்சா என் கால் கூடிருமா? சீசன் போயிட்டிருக்கு. என் இடத்துல வேற எவளாவது கடை போட்டா அடுத்த வருசம் எனக்கு அது கிடையாது. நீரு போயி உக்காந்து யாவாரம் பாரும்."

"நானா?"

"பின்ன, அவளா? அவ எனக்குப் பீ மூத்திரம் அள்ளினது போதும்."

அன்றே காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைத் திருத்திச் சொன்னான். எழுதிக்கொண்ட ஏட்டு அவனை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அபராதம், வழக்கு எல்லாம் பிறகு வந்தன. அவற்றை அவனால் தாங்க முடிந்தது.

கடைதான் கஷ்டம். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, குருவம்மாளின் சாக்கில் உட்கார்ந்து ரம்புட்டானும் மங்குஸ்தானும் விற்றான். "ரம்புட்டான், ரம்புட்டான்" என்று கூவ முதல் நாள் வாய் வரவில்லை. பக்கத்துக் கடைக்காரி, "கூவாம யாருவே வாங்குவா?" என்று அதட்டினாள். அருவியில் குடும்பத்தோடு குளித்துவிட்டு வந்த சக ஆசிரியர்கள் அவனைக் கண்டதும் வேறு பக்கம் நடந்தார்கள். அவன் வகுப்பு மாணவியின் அப்பா நின்று, "சார், நீங்களா?" என்றார். "ஆமா. என் கார் இடிச்ச கடை" என்றான். காது கொதித்தது.

வாட்ஸ்அப் குழுவிலும் உள்ளதை எழுதினான். அந்த முறை கைதட்டல் ஏதும் வரவில்லை. அதை அவன் திரும்ப எடுத்துப் பார்க்கவும் இல்லை.

வீட்டில் சங்கரேஸ்வரி சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். தங்கையோடு மறுபடி பேசினாள். போனில் அவள் சிரிக்கும் சத்தம் கேட்கும்போது அவன் வாசலுக்கு வந்துவிடுவான். அந்தச் சிரிப்பைத்தான் தன் தப்புக்குக் கீழே போட்டு அத்தனை நாள் அமுக்கி வைத்திருந்தோம் என்று தோன்றும். முன்பக்கம் நசுங்கிய காரைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

ஆவணி பிறந்து கூட்டம் குறைந்த ஒரு நாள், சங்கரேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, கைத்தடி ஊன்றி குருவம்மாள் கடைக்கு வந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்ததும் பழங்களைப் புரட்டிப் பார்த்தாள்.

"அழுகினத நல்லதோட போட்டு வச்சிருக்கீரு" என்றாள். அவன் பிரித்து எடுக்க ஆரம்பித்தான்.

கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஒரு கிலோ கேட்டது. அவன் நிறுத்துக்கொண்டிருந்தபோது, அந்தக் குடும்பத்து அம்மாள் அவனைக் காட்டி, தன் மலையாளத் தமிழில் குருவம்மாளிடம், "சேட்டன் உங்கட ஆளா?" என்றாள்.

"என் காலை ஒடிச்சவரு" என்றாள் குருவம்மாள்.

வந்தவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு உறுதிப்படுத்திக்கொள்வதுபோல இசக்கிதுரையைப் பார்த்தார்கள்.

"ஆமாம்மா. நான்தான்" என்றான் அவன். தலையைக் குனியாமல் சொல்ல வேண்டும் என்று முயன்றான். முடியவில்லை. பழத்தைப் பையில் கொட்டி நீட்டினான்.

அவர்கள் போனபின் நிமிர்ந்தான். சங்கரேஸ்வரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் போயிருக்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவன் உண்மையைச் சொன்ன நாளிலிருந்து இன்றுவரை அவள் அப்படி நேராகப் பார்த்ததில்லை. "அந்தக் கூடைய இங்கன தள்ளுங்க" என்றாள். அவன் தள்ளினான். அவளும் குத்தவைத்து உட்கார்ந்து, அழுகலைப் பொறுக்க ஆரம்பித்தாள்.