யமுனா ஏற்றிய சத்தம்

புத்தூர் வரதராஜன் ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த யமுனாவுக்கு அந்த வாரம் முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. ஆதிநாராயணனின் அறுபதாம் கல்யாணத்துக்கு, குடும்பப் போட்டோக்களைப் பாட்டோடு ஓடவிடும் டிவிடி ஒன்று கேட்டிருந்தார்கள். ஆதிநாராயணன் யார்? யஸ்வந்தின் அப்பா. யஸ்வந்த் யார்? அதை யமுனாவிடம் கேட்டால் பதில் சொல்லாமல் மவுஸைத் துடைக்க ஆரம்பித்துவிடுவாள். குவைத்துக்குக் கிளம்புமுன் பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தவன் அவன். கண் சரியில்லை, காலர் சரியில்லை என்று அந்த ஒரு போட்டோவுக்காகத் திரும்பத் திரும்ப வந்தான். சொல்லவேண்டியதைத் தவிர மற்றதெல்லாம் சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டான், மடையன்.

இந்த டிவிடி அவன் வீட்டாருக்குப் பிடித்துவிட்டால் போதும், மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது யமுனாவின் நினைப்பு. ஆனால் ஆதிநாராயணன் லேசுப்பட்ட ஆளில்லை. அவர் சாப்பிட்டாயா என்று கேட்டாலே சண்டைக்கு வருவதுபோல் இருக்கும். ஊரில் பாதிப்பேர் அவரைப் பெரியப்பா என்பார்கள். யமுனா மட்டும் உஷாராக 'சார்' என்றாள். பெரியப்பா என்றால் மகன் அண்ணனாகிவிடுவானே, அந்த வம்பு எதற்கு?

போட்டோக்கள் சொன்னபடி வந்து உட்கார்ந்தன. படுத்தியதெல்லாம் சத்தம்தான். நாதஸ்வரம் பழைய கேசட்டிலிருந்து எடுத்தது, கிணற்றுக்குள் உட்கார்ந்து ஊதுவதுபோல் கேட்டது. அடுத்த தெலுங்குப் பாட்டு சிடியிலிருந்து வந்தது, காதில் அறைந்தது. கடைசியாக யஸ்வந்த் பேசி மெயிலில் அனுப்பிய வாழ்த்து. நைனாவுக்குப் பயந்தே வளர்ந்த பிள்ளை, குவைத்தில் இருந்துகொண்டும் முணுமுணுத்திருந்தான்.

"பாக்கறவன் ரிமோட்ட கையில வெச்சிக்கினு ஏத்தி எறக்கிக்கினே கெடக்கணுமா?" என்றார் வரதராஜன். "எல்லாம் ஒரே சமமா வரணும் யமுனா."

"வரும்ண்ணா."

நாதஸ்வரத்தை ஏற்றினாள். பாட்டை இறக்கினாள். யஸ்வந்த் குரலுக்கு மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. ஒரு சொல் கேட்டால் அடுத்த சொல் அமுங்கியது. அதற்கென்றே சாஃப்ட்வேரில் ஒரு வசதி இருந்தது. உரக்கக் கேட்பதை அது அமுக்கும், காதில் விழாததைத் தூக்கிவிடும். கிடக்கட்டும் என்று கடைசி வரைக்கும் ஏற்றிவிட்டாள். 'நைனா, அம்மா, நூறு வருஷம் நல்லா இருக்கணும்' என்று கணீரென்று வந்தது. அதற்குப் பிறகும் பதிவு கொஞ்சம் ஓடியது. அப்போது பார்த்து அரக்கோணம் பக்கமிருந்து சரக்கு ரயில் வந்தது. ஸ்டுடியோ தண்டவாளத்தை ஒட்டி இருந்தது, ரயில் வந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காது. வாழ்த்துக்குப் பின்னால் வெறும் இரைச்சல்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். வெட்டியிருக்கலாம். வெறும் மூச்சாகவே இருந்தாலும் அவனுடைய மூச்சை வெட்ட மனசு வரவில்லை. பதிவு முடியும்வரை திரையில் நிற்கட்டும் என்று அவன் போட்டோவை வைத்து, டிவிடியை எழுதி முடித்தாள்.

விழா திருப்பதியில், ஒரு கல்யாண மண்டபத்தில். மாலையும் கழுத்துமாக ஆதிநாராயணனும் மனைவி யசோதாவும் மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். யமுனா டிவிடி பிளேயர் பக்கத்தில் நின்றாள். நாதஸ்வரமும் பாட்டும் அப்படி ஒரு சமமாக ஓடின. வரதராஜன் தானே செய்ததுபோல் தலையாட்டிக்கொண்டார். கடைசியில் யஸ்வந்த் போட்டோ வந்தது, வாழ்த்து கேட்டது, மண்டபமே கைதட்டியது. யமுனாவுக்கு ஆடலாம் போலிருந்தது.

கைதட்டல் ஓய்ந்தது. குரல் ஓயவில்லை.

"முடிஞ்சிதாடா? மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்று வேறு யாரோ கேட்டான். குவைத்தில் யஸ்வந்தோடு தங்கியிருக்கும் சந்திரகிரி கோபிகிருஷ்ணன். பதிவை நிறுத்தாமலே இரண்டு பேரும் கதை பேச ஆரம்பித்திருக்கிறார்கள். அங்கே கிசுகிசுத்தது இங்கே மண்டபத்து ஸ்பீக்கரில் முழங்கியது.

"ஸ்டுடியோல கீதே யமுனா, அத கட்டிக்கணும்டா. நைனாகிட்ட கேக்கத்தான் பயமா கீது."

"இன்னா பண்ணிடுவாரு?"

"கத்துவாரு."

யமுனா பதறிப்போய் கையில் பட்ட பொத்தானை அமுக்கினாள். பேச்சு நின்றது, அவன் முகம் மட்டும் திரையில் அசட்டுத்தனமாக நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் ஆதிநாராயணனைத் திரும்பிப் பார்த்தார்கள். கத்துவதற்காகத் திறந்த வாயை அவர் அப்படியே மூடிக்கொண்டார். இப்போது கத்தினால் மகன் சொன்னது சரியென்று ஆகிவிடும். யசோதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

அவர் மைக்கை வாங்கினார். ஊரில் ஒருவரும் கேட்டிராத மெதுவான குரலில், "இங்க வாம்மா," என்றார்.

யமுனா எப்படி மேடை ஏறினாளோ, அவளுக்கே தெரியாது.

"அவனுக்குத்தான் வாய் இல்ல. நீ சொல்லு. உனக்கு சம்மதமா?"

மைக்கை அவள் முன்னால் நீட்டினார். யமுனா வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, காற்றுதான் வந்தது.

"கேக்கலையே," என்றாள் யசோதா. "இன்னும் கொஞ்சம் ஏத்து."

"சம்மதம்," என்றாள் யமுனா.

பின்கட்டில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் சாம்பார் வாளியோடு ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.